எட்டு இட்லி

காளவாசல், மதுரை.
8 ஜனவரி 2026

அன்புள்ள இசைவாணிக்கு,

நாகஜோதி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரர், அம்மா, ஆர்த்திகா எல்லோரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. மாடிப்படி ஏறும்போதெல்லாம் உன்னையும் என்னையும் பீமாராவ் சாரையும் சேர்த்துத் திட்டுகிறது. புவனேஸ்வரத்தில் நீயும் உன் வீட்டுக்காரரும் பையனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வருஷா வருஷம் பொங்கல் அட்டையில் இரண்டு வரி எழுதி அனுப்புகிறவள், இந்தத் தடவை அட்டைக்குள் பக்கம் பக்கமாக மடித்து வைத்திருக்கிறாளே, ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பாய். இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். காரியத்தை முதலில் சொன்னால் மீதியை நீ படிக்கமாட்டாய்.

ஆர்த்திகாவும் ஓடுகிறாள் என்று போன வருஷ அட்டையில் எழுதியிருந்தேன். இப்போது உடற்கல்வி படிக்கிறாள், இரண்டாம் வருஷம். நாம் ஓடிய அதே ஐயாயிரம் மீட்டர், அதே பன்னிரண்டரைச் சுற்று. தினமும் விடியும் முன்னே ஸ்கூட்டரில் திருப்பரங்குன்றம் கூட்டிப்போகிறேன். அவள் மலையைச் சுற்றி ஓடுவாள், நான் பின்னாலேயே ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போவேன். பாதையெல்லாம் தார் போட்டு விளக்கு வைத்துவிட்டார்கள். நாம் ஓடும்போது முள்ளும் சல்லியும்தான். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில்கூட கிரிவலக் கூட்டம் முழுக்க வடிந்திருக்காது. எதிரே வருகிற பெரிய மனுஷிகள், பொம்பளைப் பிள்ளைகள் சாமியைச் சுற்றுகிற பாதையில் இப்படியா ஓடுவது என்று நம்மைத் திட்டுவார்கள். நீ ஓடிக்கொண்டே கும்பிடு போடுவாய். அவர்கள் திட்டின வாயாலேயே நல்லா இரு என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஓடியது உனக்கு நினைவிருக்கிறதா? நாம் புறப்படும் இடத்தில் சார் ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் ஊற்றுவார். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவர் கண்முன்னால் துப்ப வேண்டும். மூச்சை மூக்கால் விடப் பழகுவதற்கு என்று சொன்னாலும், தாகம் தொண்டை வரை வந்து நிற்கும்போது இருக்கிறதை விழுங்காமல் இருக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. நான் பாதி மலையிலேயே விழுங்கிவிட்டு, கடைசியில் எச்சிலைக் கூட்டித் துப்புவேன். சாருக்குத் தெரியும், சிரிப்பார். நீ ஒரு நாளும் விழுங்கியதில்லை. ஒரு தடவை நாய் துரத்தியபோதுகூட நான் கத்தினேன், நீ வாயைத் திறக்கவில்லை. அதற்கு அப்புறம் பருத்திப்பால் வண்டிக்கு ஓடுவோமே. டம்ளர் கொதிக்கும். ஒரே டம்ளரை நீ ஒரு மடக்கு, நான் ஒரு மடக்கு என்று ஆற்றி ஆற்றிக் குடிப்போம். அந்த வண்டிக்காரர் மகன் இப்போது அதே இடத்தில் வண்டி போட்டிருக்கிறார். ஆர்த்திகாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம் என்று பாதியை என்னிடம் நீட்டிவிட்டாள்.

சாருக்கு எழுபத்திரண்டு வயது. கல்லூரியை விட்டு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் ஓட வருகிற பிள்ளைகளுக்கு அவர்தான் கோச். மலையடிவாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஷூ கயிற்றில் கட்டிய அதே ஸ்டாப்வாட்ச்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து உன் எட்டு இட்லிக் கதையைச் சொன்னார். தொண்ணூற்றொன்பதில் மாநில அணிக்கு ஆள் எடுத்த பந்தயத்தன்று நீ எங்கள் வீட்டில் ஒரு பிடி பிடித்துவிட்டு, ஒன்பதாவது சுற்றில் வயிற்றைப் பிடித்தாயே, அதுதான். அப்போது ஆறு இட்லி. பிறகு எட்டு ஆனது. இப்போது சார் பன்னிரண்டு என்கிறார். “மதுரைக்கே அவதான் ராணி. ஆனா வயித்த அடக்கத் தெரியல, அம்புட்டும் போச்சு” என்று அவர் சொன்னதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி பிப்ரவரி பன்னிரண்டாம் தேதியிலிருந்து நாலு நாள் உங்கள் ஊரில் நடக்கிறது. ஆர்த்திகா தேர்வாகியிருக்கிறாள். ஓட்டத்தில் குறையில்லை, ஆனால் புத்தி என் புத்தி. முதல் சுற்றில் வாடிவாசல் திறந்த மாடு மாதிரி பாய்ந்துவிட்டு, எட்டாவது சுற்றில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். அவளை இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். எனக்கு அலுவலகத்தில் லீவு இல்லை. இருந்தாலும் நான் கத்தினால் இன்னும் வேகமாகத்தான் ஓடுவாள். நீ ஒவ்வொரு சுற்றையும் தொண்ணூற்றைந்து நொடியில் ஓடியவள், கடிகாரம் வைக்காமலேயே. மைதானத்தின் ஓரத்தில் நின்று சுற்றுக்கு ஒரு தடவை “பொறு” என்று அவளிடம் சொல்ல முடியுமா? முடிந்தால் அவள் ஒரு வேளை உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். இதுதான் காரியம்.

உன் வீட்டாருக்கு என் அன்பு. பொங்கல் உன் வீட்டுப் பானையிலும் நிறையப் பொங்கட்டும்.

உன்,
நாகு


காளவாசல், மதுரை.
25 ஜனவரி 2026

இசைக்கு,

சுகம் விசாரிக்கிற வரிகளை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதிப் பார்த்தேன், கை கூசியது.

முதல் கடிதம் கிடைத்ததும் நீ போனில் அனுப்பிய பதிலை இதுவரை முப்பது தடவை படித்திருப்பேன். “வரட்டும் நாகு. ஹாஸ்டல் எதுக்கு, நம்ம வீட்டுலயே நாலு நாளும் தங்கட்டும். நான் லீவு போட்டுட்டு மைதானத்துக்கு வாரேன். அவளுக்கு எம்புட்டு இட்லி வேணுமோ அம்புட்டும் ஊத்தித் தாரேன்” என்று எழுதி, கடைசியில் ஒரு சிரிக்கிற முகம் வைத்திருந்தாய். இருபத்தேழு வருஷத்துக்கு அப்புறமும் நீ எனக்கு இடம் விட்டுக் கொடுக்கிறாய்.

போனில் பேசியிருக்கலாம். நான் ஆரம்பித்த உடனே நீ “அட விடுடி, அதெல்லாம் யாரு நெனச்சுக்கிட்டு இருக்கா” என்று முடித்துவிடுவாய். நானும் தப்பித்தேன் என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால்தான் கடிதம். இதை நடுவில் நிறுத்த உன்னால் முடியாது.

உன் பதிலை ஆர்த்திகாவிடம் காட்டினேன். அவள், இவங்கதானா அந்த இட்லி ஆன்ட்டி என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “ரேஸ் எத்தனை மணிக்கும்மா?” என்றாள். சாயங்காலம் நாலு மணி. இட்லி சாப்பிட்டது எப்போது? காலை எட்டு மணி. “எட்டு மணிக்குச் சாப்பிட்ட இட்லி நாலு மணி வரைக்கும் வயித்துல உக்காந்திருக்குமா? இட்லி அப்பவே செரிச்சிருக்கும்மா” என்றாள். பார், இவ்வளவு வருஷத்தில் சாருக்குத் தோன்றவில்லை, கூட ஓடியவர்களுக்குத் தோன்றவில்லை. சிரிக்கக் கிடைத்த கதையில் யார் மணி பார்க்கிறார்கள்.

அதோடு அவள் விடவில்லை. அவர்கள் வகுப்பில் ஒரு பாடம் நடத்தியிருக்கிறார்கள். சிலரை உட்காரவைத்து, பார்க்கவே குமட்டுகிற படத்தைக் காட்டி, பாதிப் பேரிடம் மட்டும் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்று சொல்லிவிடுவார்களாம். அப்புறம் எல்லோரையும் சைக்கிள் மிதிக்கச் சொன்னால், முகத்தை அடக்கி வைத்திருந்தவர்கள் சீக்கிரம் தளர்ந்துபோனார்களாம். கால் அதே கால்தான். ஆனால் வலிக்கும்போது நிற்காமல் இருப்பதற்கும், அழுகை வரும்போது அழாமல் இருப்பதற்கும் மனசில் ஒரே இடத்திலிருந்துதான் எடுக்கிறோம் என்று சிலர் சொல்கிறார்களாம். அப்படியெல்லாம் இல்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டாம். அது எனக்கு விளங்காது. அவள் கடைசியாகக் கேட்டதுதான் எனக்கு விளங்கியது. “அவங்க அன்னைக்குக் காலையிலயிருந்து எதையோ அடக்கி வச்சிருந்திருக்காங்கம்மா. நீங்க கூடவேதான இருந்தீங்க, என்னன்னு தெரியாதா?”

அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எனக்குத் தெரியும் இசை. அன்றே தெரியும். நீ மறந்திருக்கமாட்டாய். ஆனாலும் நானும் மறக்கவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொங்கல் லீவில் ஹாஸ்டல் மெஸ் மூடியிருந்தது. பந்தயத்தன்று வெளிச்சாப்பாடு வேண்டாம், அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்று அம்மாதான் சொன்னாள். நீ அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று நீ கேட்டதும் இல்லை. அம்மா வாழை இலை போட்டு, நடுக்கூடத்தில் நம் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாள். முதல் இரண்டு இட்லியையும் உன் தலையைத் தடவிக்கொண்டேதான் வைத்தாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு வந்தபோது, எந்த ஊரும்மா என்று கேட்டாள். நீ ஊர்ப் பேரைச் சொன்னாய். எங்களுக்கு அங்கே சொந்தம் இருக்கிறது, ஊருக்குள் யார் வீடு என்று கேட்டாள். நீ ஒரு நொடிகூட யோசிக்காமல், “ஊருக்குள்ள இல்லம்மா, காலனி” என்றாய்.

அந்த மூன்றாவது இட்லி ஒரு முழம் உயரத்திலிருந்து உன் இலையில் விழுந்தது. சட்னிக் கிண்ணத்தை அம்மா எட்டத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நீ அந்த இட்லியைத் தொடவில்லை. நான் என் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நான்கு சாப்பிட்டேன்.

நாம் எழுந்தோம். அம்மா அடுப்படியிலிருந்து, கோபமே இல்லாத குரலில், “இலைய எடுத்து வெளிய போட்டுரும்மா” என்றாள். நம் ஊரில் விருந்துக்கு வந்தவர்களை யாரும் இலை எடுக்கச் சொல்வதில்லை. எடுக்கப் போனாலும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நீ உன் இலையை மடித்து எடுத்தாய். என் இலையையும் எடுக்கக் குனிந்தாய், அதை மட்டும் நான் தடுத்தேன். அதை ஒரு பெரிய காரியமாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போதே, அம்மா நீ உட்கார்ந்திருந்த இடத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். என் இடத்தைத் துடைக்கவில்லை. நீ நிமிர்ந்து பார்த்தாய். சிரித்தாய். “வாரேம்மா, இட்லி பஞ்சு மாதிரி இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு இறங்கினாய்.

பேருந்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காளவாசலிலிருந்து தல்லாகுளம் போகிற வரைக்கும் நேரம் இருந்தது. நான் முதல் நாலு சுற்றை எத்தனை நொடியில் ஓட வேண்டும் என்று பேசினேன். நீயும் பேசினாய், வழக்கத்தைவிட அதிகமாகவே. மைதானத்தில் எல்லோரையும் சிரிக்கவைத்தாய். இவ்வளவு கலகலப்பாக உன்னைப் பார்த்ததில்லை என்று சார்கூடச் சொன்னார். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை நீ அந்தச் சிரிப்பைக் கீழே விடாமல் வைத்திருந்தாய். மலைப்பாதையில் வாயில் தண்ணீரோடு ஓடுவதெல்லாம் இதற்கு முன்னால் விளையாட்டு.

எட்டுச் சுற்று வரை நீதான் முன்னால். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றைந்து என்று சார் கத்திக்கொண்டே இருந்தார். நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடினேன். ஒன்பதாவது சுற்றின் வளைவில் உன் தோள் இறங்கியது. கைகள் தளர்ந்தன. நான் உன் பக்கத்தில் வந்தபோது திரும்பி உன் முகத்தைப் பார்த்தேன். அப்போதும் நீ சிரித்துக்கொண்டிருந்தாய், எங்கள் வாசலில் சிரித்த அதே சிரிப்பு. கண்ணிலிருந்து நீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் என்பதை எழுத வேண்டும். உனக்கு என்ன ஆனது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் என் கால் வேகம் எடுத்தது. பாவம் என்று தோன்றுவதற்கு முன்னால், இனிமேல் இவள் என்னைப் பிடிக்க முடியாது என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது இசை. அந்தச் சந்தோஷத்தில்தான் கடைசி மூன்று சுற்றும் ஓடி மெடலும் வாங்கினேன். நீ ஆறாவதாக வந்தாய்.

சார் ஓடி வந்து உன்னை உலுக்கினார். “என்னம்மா ஆச்சு, என்ன ஆச்சு?” என்று கேட்டார். நீ முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாய். எங்கே சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். எங்கள் வீட்டு மானம், என் மெடல், எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தது. நீ வாயைத் திறப்பதற்குள், “காலையில எங்க வீட்டுல ஆறு இட்லி சாப்பிட்டா சார், அதான் புடிச்சிருச்சு” என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். நீ தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு சாரிடம் திரும்பி, “ஆமா சார், கொஞ்சம் கூடப் போச்சு” என்றாய்.

அவ்வளவுதான் கதை. நீ சாப்பிட்டது இரண்டு. உன்னைப் போல அடக்கம் உள்ளவளை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு அடக்கம் தெரியாதவள் என்று பேர் வாங்கிக் கொடுத்தேன். கல்லூரியில் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் பையன்கள் இட்லி இட்லி என்று கூப்பிட்டபோது நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ மலைக்கு ஓட வரவில்லை. படிப்பு இருக்கிறது என்றாய். நான் நம்புவதாகக் காட்டிக்கொண்டேன். அந்தப் பந்தயத்துச் சான்றிதழை வைத்துத்தான் மாநில அணிக்குப் போனேன். அதை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் தல்லாகுளத்தில் இந்த வேலை. இருபத்து நாலு வருஷமாக அந்த மைதானத்தைத் தாண்டித்தான் அலுவலகம் போகிறேன். வண்டியில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போகப் பழகிவிட்டேன்.

இதையெல்லாம் போன செவ்வாய்க்கிழமை ஆர்த்திகாவிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, “நான் அவங்க வீட்டுல தங்கலாமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணாதீங்கம்மா. எல்லாத்தையும் எழுதுங்க. அவங்க முடிவு பண்ணட்டும்” என்றாள். என் வயிற்றில் பிறந்தவளுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அம்மாவிடமும் கேட்டேன். அவளுக்கு எழுபத்தெட்டு வயது. இசைவாணியை நினைவிருக்கிறதா என்றதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “நல்லாச் சாப்புடுற புள்ளையில்ல, எட்டு இட்லி சாப்புட்டாளே. நான்தான் பாத்துப் பாத்து வச்சேன்” என்கிறாள். இலை எடுக்கச் சொன்னது, இடத்தைத் துடைத்தது, எதுவும் நினைவில்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே நினைவில்லை. என் பொய் அவளுக்குள் போய் நல்ல ஞாபகமாக உட்கார்ந்திருக்கிறது. நடந்ததைச் சொன்னேன். “நானா? அப்புடியா சொன்னேன்?” என்று என்னையே பார்த்தாள். அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, பிறகு அதுவும் அடங்கிவிட்டது. அவள் நம்பியதைச் செய்தாள். தப்பு என்று தெரிந்தும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டவள் நான்.

நேற்று சாரைப் பார்க்க மலையடிவாரத்துக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாம் ஓடி முடித்துப் போன பிறகு, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். சொல்லி முடித்ததும் ஸ்டாப்வாட்ச்சைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவரும் உன் பக்கத்து மனுஷர்தானே, ஊரில் அதே மாதிரிக் காலனியிலிருந்து படித்து வந்தவர். “எம்புட்டு வீட்டுல நானே இலைய எடுத்துப் போட்டிருக்கேன் தெரியுமா? எடுத்துப் போட்டுட்டு, சிரிச்சுட்டு வந்திருக்கேன். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்ல. அன்னைக்கு அந்தப் புள்ள மூஞ்சியில இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார். அப்புறம், “அவ மெடல் போன ஆத்திரத்துல நான் மூஞ்சியவே பாக்கலம்மா, வாட்ச்சத்தான் பாத்தேன்” என்றார். அழுதார் இசை. பீமாராவ் சார் அழுது நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, தான் சொன்ன கதை பொய் என்று சொல்லப்போவதாகச் சொன்னார். நான் தடுத்தேன். அது உன்னுடையது, உன்னைக் கேட்காமல் நாங்கள் இரண்டு பேரும் மறுபடி அதை எடுத்துச் சொல்லிக்கொண்டு திரியக்கூடாது என்றேன். அவரும் சரி என்றார். நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்வார். உன் முகவரியை வாங்கிக்கொண்டார். அவர் எழுதினால் அவருக்குக் கை நடுங்கும், எழுத்து விளங்காது, பொறுத்துப் படி.

ஆர்த்திகா பதினோராம் தேதி காலை புவனேஸ்வரம் வந்து இறங்குகிறாள். அணியோடு விடுதியில் இடம் இருக்கிறது, சாப்பாடும் அங்கேயே. நீ மைதானத்துக்கு வர வேண்டும் என்று முதல் கடிதத்தில் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவள் பாய்ந்து ஓடித் தோற்றால் தோற்கட்டும், அவளுக்கு இருபது வயதுதான். நீ வந்து நின்றால் அது அவளுக்காக மட்டும் இருக்கட்டும். என்னோடு இருக்கிற பழக்கத்துக்காக வந்து நிற்காதே.

நீ மலைப்பாதையில் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த நாட்கள்தான் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். ஒரு மனுஷியைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நான் சந்தோஷமாக இருந்தது அப்போது மட்டும்தான். அதை நானே கெடுத்தேன். உன் பையன் நூறு வயது நன்றாக இருக்கட்டும். உன் வீட்டுக்காரர் உன்னைக் கண்கலங்கவிடாமல் வைத்திருக்கட்டும். நீ எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடம் உனக்குச் சொந்தமாக இருக்கட்டும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்துக்கு, பரவாயில்லை நாகு, விடு என்று ஒரு வரி எழுதிவிடாதே. சிரிக்கிற முகம் அனுப்பாதே. உனக்கு என்மேல் என்ன கோபம் இருக்கிறதோ அவ்வளவையும் எழுது. என்னைத் திட்டு, எங்கள் அம்மாவைத் திட்டு, எங்கள் வீட்டை, எங்கள் ஆட்களை, வாய்க்கு வந்தபடி திட்டு. பத்துப் பக்கம் எழுது. எழுதப் பிடிக்காவிட்டால் கிழித்துப்போட்ட தாளையாவது அனுப்பு. நான் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். எனக்காக இன்னொரு தடவை நீ அடக்கிக்கொள்ள வேண்டாம், இசை.

நாகஜோதி